முரட்டு சிங்கிள்ல இருக்கறது எந்த முரடு?

கேள்வி: ஜூன் 3, சாயங்காலம்

பையன் பத்தாவது படிக்கறான். தமிழ்ப் பரீட்சையில "முரடு" வெச்சு ஒரு வாக்கியம் எழுதச் சொன்னதுக்கு "என் சித்தப்பா ஒரு முரட்டு சிங்கிள்"னு எழுதிட்டு வந்திருக்கான். டீச்சர் ஒரு மார்க் குறைச்சுட்டாங்க. முரடுன்னா ஒண்ணு சொரசொரப்பு, இல்லாட்டி கோவக்கார ஆளு. கல்யாணம் ஆகாத எங்க தம்பி பூனை மாதிரி இருப்பான், அவனுக்கும் முரடுக்கும் என்ன சம்பந்தம்? இது தப்புத் தமிழ்தானே, இங்க யாராவது சொல்லுங்க.

ஜூன் 3, ராத்திரி 10.50

மார்க் குறைச்சதுல எனக்கு சம்மதம், காரணத்துலதான் இல்ல. "சிங்கிள்"க்காகக் குறைச்சிருந்தா ஒண்ணும் சொல்றதுக்கில்ல, "முரட்டு"க்காகக் குறைச்சிருந்தா ஸ்கூலுக்குப் போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு வரலாம்.

எங்கப்பா தச்சு வேலை பாத்தவரு, கோபி பக்கம். ஒரு பலகைய கையில எடுத்து முன்னப் பின்ன திருப்பிப் பாத்துட்டு "இது முரட்டு மரம், நீ கை வைக்காத"ம்பாரு. நான் தடவிப் பாப்பேன், அப்படி ஒண்ணும் சொரசொரப்பா இருக்காது. ஆனா இழைப்புளிய ஓட்டினா தெரியும், ஒரு பக்கம் வாகா சுருள் சுருளா வந்துட்டே இருக்கும், ஒரு ஜாண் தள்ளி நார் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும், அங்க டக்குனு மாட்டி துண்டு துண்டா பேத்துக்கிட்டு வரும். கிளை விட்ட இடத்துல கணு இருந்தா கேக்கவே வேண்டாம், உளி முனை போயிரும். அதத்தான் அவரு முரடும்பாரு. சொரசொரப்புக்கு அவருகிட்ட வைத்தியம் இருந்துச்சு, உப்புத்தாள எடுத்து 80ல ஆரம்பிச்சு 120, 220ன்னு தேச்சா எந்தப் பலகையும் குழந்தை கன்னம் மாதிரி ஆயிரும். முரடுக்கு வைத்தியம் கிடையாது, அது போற போக்குக்கு நாமதான் போகணும்.

அதாவது சொரசொரப்புங்கறது மேல் தோலு, முரடுங்கறது உள்ள இருக்கற குணம். வளையாது, சொன்னாக் கேக்காது. அப்படிப் பாத்தா உங்க பையன் எழுதினது அச்சு அசல் தமிழ். வீட்ல பொண்ணு பாக்கறாங்க, ஜாதகம் ஜாதகமா வருது, அம்மா அழுகறாங்க, உங்க தம்பி அசையறாரா? பூனை மாதிரி இருந்துக்கிட்டே முரடா இருக்கலாங்க.

ஜூன் 3, 11.05

முரட்டுக்காளை படம் 1980ல வந்துச்சு. அந்தக் காளையோட முதுகத் தடவிப் பாத்தா பேரு வெச்சாங்க.

ஜூன் 4, காலை 7.30

ராத்திரி அளந்துட்டுப் படுத்தேன், காலையில பல்லு வெளக்கும்போதே உறுத்துது. முரட்டுத் துணி? முரட்டுக் கதர்? அது மேல் தோலுதானே? கதர் சட்டை யார்கிட்டயும் பிடிவாதம் பிடிக்கறதில்ல.

இதுல நான் வாயத் தொறக்காம இருக்க முடியாது, ஏன்னா சோறு போடறதே இந்தத் தொழில்தான், திருப்பூர்ல நூல் கடையில கணக்குப் பாக்கறேன். இங்க நூலுக்கு நம்பர் இருக்கு. ஒரு பவுண்டு பஞ்சுல 840 கஜம் கொண்ட கண்டு எத்தன நூக்க முடியுதோ அதுதான் நம்பர். 20 கண்டு வந்தா 20ம் நம்பர், 40 வந்தா 40ம் நம்பர். அதே ஒரு பவுண்டுல எச்சா நீளம் இழுத்தா நூலு சன்னமாத்தானே ஆகணும், அதனால நம்பர் ஏற ஏற சன்னம், எறங்க எறங்க மொத்தம். உப்புத்தாளும் அதே கணக்கு, 80 பிராண்டும் 220 தடவிக் குடுக்கும். சின்ன நம்பர்னா முரடு. அப்பா தொழில்லயும் என் தொழில்லயும் ஒரே விதி இருக்குன்னு இருபத்தஞ்சு வருசம் கணக்கு எழுதி இப்பதான் தோணுது.

ஆக துணியில முரடுன்னா மொத்த நூலு, நெருக்கம் இல்லாத நெசவு, மேல ஏந்தி நிக்கற நாரு. குணம் கிணம் எல்லாம் ஒண்ணுமில்ல. நேத்து சொன்னத பாதி வாபஸ் வாங்கிக்கறேன்.

ஜூன் 4, மதியம்

துணி பத்தி இன்னொண்ணு, சொல்லாம விட்டா தூக்கம் வராது. பஞ்சுல இயற்கையாவே மெழுகு இருக்கு. சாயம் ஏறணும்னா அது போகணும், அதுக்காக சோடா போட்டு வேக வைப்பாங்க, வெளுப்பாங்க. மெழுகு போனா துணி தண்ணிய நல்லா இழுக்கும், ஆனா கைக்கு வறட்டுன்னு ஆயிரும். அதனாலதான் கடைசித் தண்ணியில சாஃப்ட்னர். அதுக்கு முன்னாடி பயோ வாஷ்னு ஒண்ணு, என்சைம் விட்டா மேல நீட்டிட்டு இருக்கற மயிர் நாரையெல்லாம் அது தின்னுரும். நீங்க கடையில தொட்டுப் பாத்து "ஆஹா என்ன சாஃப்ட்"ங்கறது பாதி பருத்தி, மீதி அந்தக் கடைசித் தண்ணி. ரெண்டு மூணு துவையலுக்கு அப்பறம்தான் சட்டை தன்னோட சுபாவத்தக் காட்டும்.

நான் முந்தி வேலை பாத்த ஒரு யூனிட்ல ஒரு லாட்டுக்கு சாஃப்ட்னர் விடாமயே காய வெச்சு அனுப்பிட்டாங்க. பார்ட்டி திருப்பி விட்டுட்டான், பேப்பர்ல எழுதின காரணம் "ஹார்ஷ்". மாஸ்டர் துணியக் கசக்கிப் பாத்துட்டு "சாக்கு மாதிரி முரடா இருக்கு"ன்னாரு. அந்த மாசம் சம்பளமும் கொஞ்சம் முரடாத்தான் வந்துச்சு.

ஜூன் 4, ராத்திரி

ஒருத்தரு கேட்டிருக்காரு, அப்ப சொரசொரப்பும் முரடும் ஒண்ணுதான்னு ஒத்துக்கறீங்களான்னு. இல்லீங்க. தமிழ்ல இதுக்கு ஒரு பட்டாளமே இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனி டூட்டி.

கையால தடவினா சொரசொர. மிக்சியில பாதி அரைச்சா கொரகொர, சமைக்கறவங்க "ஒண்ணும் பாதியுமா அரைச்சுக்கோ"ம்பாங்க பாருங்க, அது. தொண்டை கட்டிப் பேசினா கரகர. சோத்துல மண்ணு கடிபட்டா நறநற. கஞ்சி போட்டு இஸ்திரி வெச்ச வேட்டி மொடமொட. எண்ணெயில பொரிச்சு எடுத்தா மொறுமொறு. இதுல ஒண்ணத் தூக்கி இன்னொண்ணோட இடத்துல வெச்சுப் பாருங்க. "வேட்டி மொறுமொறுன்னு இருக்கு"ன்னா எவனோ வேட்டிய எண்ணெயில போட்டுட்டான்னு அர்த்தம். "முறுக்கு சொரசொரன்னு இருக்கு"ன்னா விருந்தாளி இனிமே வர மாட்டாருன்னு அர்த்தம்.

கைக்கு ஒண்ணு, பல்லுக்கு ஒண்ணு, காதுக்கு ஒண்ணுன்னு புலன் பாத்துப் பிரிச்சு வெச்சிருக்கோம். முறுக்குக்குப் பேரே மொறுமொறுல இருந்து வந்ததுதான்.

ஜூன் 5, காலை

ரெண்டு அடி வாங்கிட்டேன்.

ஒண்ணு, முறுக்கு. அது மொறுமொறுல இருந்து வரல, முறுக்கறதுல இருந்து வந்தது. கயிற முறுக்கற மாதிரி மாவ முறுக்கிச் சுத்தறாங்க, கைமுறுக்கு சுத்தறவங்களப் பாத்திருந்தா இப்படி உளறியிருக்க மாட்டேன். மீசைய முறுக்கறதும் அதே முறுக்கு, அது மொறுமொறுன்னா இருக்கு. தவிர முறுக்குக்குப் பெரிய ற, முரடுக்குச் சின்ன ர, ரெண்டும் வேற வேற குடும்பம்.

ரெண்டு, கரகர காதுக்குன்னு சொன்னது. "கண்ணு கரகரன்னு இருக்கு"ன்னு தூசி விழுந்தாச் சொல்றோம், தொண்டை கரகரன்னா சத்தம் மட்டுமில்ல, உள்ள உறுத்தறதும்தான். பட்டாளத்துல கரகர மட்டும் மூணு டூட்டி பாக்குது.

ஜூன் 5, 9.10

ர, ற பேச்சு வந்ததால. மலர் சொரிந்தார்கள்னு போட வேண்டிய இடத்துல சொறிந்தார்கள்னு அடிச்ச ஒரு கல்யாணப் பத்திரிகை எங்க வீட்டு பீரோவுல பத்திரமா இருக்கு. மாப்பிள்ளை நம்ம சொந்தம், அதனால மேல சொல்ல மாட்டேன்.

ஜூன் 6, ராத்திரி

கரடு பத்திச் சொல்லாம இந்த இழைய முடிக்க முடியாது. கரடுமுரடுன்னு ஜோடியாத்தானே சொல்றோம், யாராவது முரடுகரடுன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? கரடு எப்பவும் மூத்தது, முன்னாடி நிக்கும்.

எங்க பக்கம் கரடுங்கறது பண்பு இல்லீங்க, இடம். மலைன்னு சொல்ற அளவுக்கு ஒசரம் கிடையாது, மேடுன்னு சொன்னா பாறை கோவிச்சுக்கும், நடுவுல ஒண்ணு, பாறையும் முள்ளும் கொஞ்சம் வேலாமரமும். "மாடு கரட்டு மேல ஏறிருச்சு"ம்பாங்க. கோபிக்குப் பக்கத்துல கரட்டடிபாளையம் இருக்கு, பேரப் பிரிச்சுப் பாருங்க, கரட்டு அடியில இருக்கற பாளையம். கோயமுத்தூர்ல சரவணம்பட்டிப் பக்கம் கரட்டுமேடு, மேல முருகன் கோயில். இந்த ஊருக்காரங்ககிட்டப் போய் கரடுன்னா சொரசொரப்புன்னு அகராதியக் காட்டினா சிரிப்பாங்க. எங்க ஊர்ப் பொடுசுகளுக்குக் கரடுன்னா லீவு நாளு.

மதுரைக்கார நண்பர் ஒருத்தர் கரட்டோணான்னு ஒரு சொல் போட்டிருக்காரு. கரடு பிளஸ் ஓணான். எங்க ஊர்ல அந்த ஜந்து ஒடக்கான். ஆனா அவரு சொன்னதும் அந்த முதுகு ஞாபகம் வந்துச்சு, முள்ளு முள்ளா வரிசையா நிக்கும். அது கரட்டுல இருக்கறதால கரட்டோணானா, முதுகே கரடா இருக்கறதாலயா? அவரு ரெண்டாவதுங்கறாரு, நான் மொதல்லதுங்கறேன், ஒடக்கான் ரெண்டுக்கும் சேத்துத் தலையாட்டும்.

ஜூன் 7

முரடு எப்படி முரட்டு ஆச்சுன்னு ஒரு தம்பி கேட்டாரு. காடு காட்டு ஆகற மாதிரிதான். நன்னூல்ல இருக்கு, "நெடிலோ டுயிர்த்தொடர்க் குற்றுகரங்களுள் டறவொற் றிரட்டும்". காடு, ஆறு இதெல்லாம் நெடில்தொடர், முரடு, கரடு, வயிறு இதெல்லாம் உயிர்த்தொடர், கடைசியில டு, று வந்தா அந்த மெய் ரெட்டிக்கும். காட்டுப்பன்றி, ஆற்றுமணல், கரட்டுமேடு, வயிற்றுவலி, முரட்டுக்காளை. முடிஞ்சுது.

ஜூன் 7, கொஞ்ச நேரம் கழிச்சு

முடியல. தமிழ் வாத்தியார் ஒருத்தர் உள்ள வந்துட்டாரு. அந்தச் சூத்திரத்துல கடைசியில "வேற்றுமை மிகவே"ன்னு ரெண்டு வார்த்தை இருக்கு, அத நான் சௌகரியமா முழுங்கிட்டேன். ஆற்றுமணல்னா ஆற்றினது மணல், வேற்றுமை. முரட்டுக்காளைன்னா முரடனோட காளை இல்ல, காளையே முரடு, அது அல்வழி, அதாவது வேற்றுமை இல்லாத சேர்க்கை. அப்ப அந்த விதி எப்படிச் செல்லும்னு கேட்டாரு, கேட்டுட்டு அவரே பதிலும் சொல்லிட்டாரு: "மிகவே"ன்னு சொன்னதால பெரும்பாலும் வேற்றுமையில, கொஞ்சமா அல்வழியிலயும் வரலாம்னு அர்த்தமாம். குருட்டுக்கோழியும் அப்படித்தான் உள்ள நுழைஞ்சுது. "மிக"ங்கற ரெண்டெழுத்துச் சந்துல கோழியும் காளையும் ஒண்ணா நுழைஞ்சு வந்திருக்கு.

அவரு போறப்ப ஒண்ணு சொன்னாரு, அதுதான் இந்த இழையிலயே உருப்படியான விசயம். வன்தொடர்க் குற்றியலுகரத்துக்கு, அதாவது முரட்டுல வர்ற மாதிரி வல்லின மெய்யத் தொட்டு வர்ற உகரத்துக்கு, அப்பறம் வல்லினம் மிகும், அதனால "முரட்டுச் சிங்கிள்"னு ச் போடணும், பையன் போடல, அதுக்கே ஒரு மார்க் போகும்.

நியாயம்தான். ஆனா ச் போட்டு வாய் விட்டுச் சொல்லிப் பாருங்க. சிங்கிள்ல இருக்கற அந்த மெல்லிசான ஸ போயி அழுத்தமா ச்சிங்கிள்னு ஆயிருது. எனக்கு அது டிகாக்ஷன் தூக்கலாப் போட்ட டீ மாதிரி கேக்குது. "அண்ணே, ஒரு முரட்டுச் சிங்கிள், சக்கரை கம்மி."

ஜூன் 8, காலை

சரி, இந்த "ரொம்ப"ங்கற அர்த்தம். முரட்டுத் தூக்கம், முரட்டுப் பசி, முரட்டு முட்டு, முரட்டு பக்தன். எல்லாரும் இது இன்டர்நெட்டு வந்து கெடுத்ததுங்கறாங்க. பிடிவாதத்துக்கு முன்னாடி முரட்டு போடறது எங்க அம்மிச்சி, அதாவது அம்மாவப் பெத்தவங்க, காலத்துலயே உண்டு, "முரட்டுப் பிடிவாதக்காரன்"னு எங்க மாமனத்தான் திட்டிட்டே இருப்பாங்க. அதுல முரடுக்கு என்ன அர்த்தம்? பிடிவாதமே முரடுதான், முரட்டுன்னு மேல ஒண்ணு போட்டா அது அளவுதானே?

இதுவும் பழைய வழக்கந்தான். தொல்காப்பியத்துல உறு, தவ, நனி மூணும் மிகுதின்னு இருக்கு. நன்னூலுக்கு வந்தா சால, உறு, தவ, நனி, கூர், கழின்னு ஆறாயிருச்சு. இதுல கூர் இருக்கு பாருங்க, கத்தியோட கூரு, அது அளவாயிருச்சு, அன்பு கூர்ந்துன்னு எழுதறோமே. கடின்னு ஒரு சொல்லு, நன்னூல் அதுக்கு 13 பொருள் குடுக்குது, காவல், கூர்மை, அச்சம், விரைவுன்னு போய் நடுவுல மிகுதியும் இருக்கு. கையக் குத்தற, பயமுறுத்தற சொல்லெல்லாம் கடைசியில "ரொம்ப"ன்னு ஆகறது தமிழுக்குப் புதுசில்ல. பேய் மழைங்கறோம், பயங்கர அழகுங்கறோம், எவனாவது பயந்து ஓடறானா.

நன்னூல் எழுதின பவணந்தி ஆறு வரைக்கும் எண்ணி வெச்சாரு, முரட்டு ஏழாவது. டீச்சர்கிட்ட இத அப்படியே சொல்லுங்க, மார்க் வருமோ வராதோ, அந்த முகத்தப் பாக்கணும்.

ஜூன் 8, சாயங்காலம்

ஆனா எல்லா இடத்துலயும் முரட்டு போட முடியாது. முரட்டு மழைன்னு எழுதிப் பாத்தேன், ஒட்டல. முரட்டுத் தூக்கம் ஒட்டுது, ஏன்னா எழுப்பினா எந்திரிக்க மாட்டான். முரட்டு முட்டு ஒட்டுது, கட்சிக்காரன் என்ன பண்ணாலும் எறங்கி வர மாட்டான். முரட்டுப் பசியும் சமாதானம் சொன்னாக் கேக்காது. அதாவது எங்க எதிர்த்து நிக்கற குணம் இருக்கோ அங்க மட்டும்தான் இந்த "ரொம்ப" வருது. மொத நாள் நான் சொன்ன அப்பாவோட மரத்துக்கே திரும்பி வந்துட்டோம் பாருங்க! அன்னிக்கு வாபஸ் வாங்கின பாதிய இன்னிக்குத் திருப்பி எடுத்துக்கறேன்.

ஜூன் 8, ராத்திரி 9.40

பொண்ணு காலேஜ்ல இருந்து வந்து, "பிரியாணி முரட்டு டேஸ்ட்டுப்பா"ன்னா.

பிரியாணி யாரை எதிர்த்து நின்னுச்சு?

ஜூன் 9

விடுங்க, பிரியாணிய அப்பறம் பாத்துக்கலாம்.

குறள்ல முரண்னு வருதே, அது நம்ம முரடுக்கு அண்ணனான்னு ஒருத்தரு கேட்டிருந்தாரு. எனக்கு முரண், முரடு, முரம்பு மூணும் ஒரே வயித்துப் பிள்ளைக மாதிரித்தான் தோணுது. முரம்புங்கறது சங்கப் பாட்டுல வர்ற சொல்லு, பரல்கல்லு நிறைஞ்ச மேட்டு நிலம், நடந்தா கால் கிழியும். முரண்னா எதிர்ப்பு, அதுல இருந்து வலிமை. இன்னிக்கு முரண்பாடுன்னு பேப்பர்ல மெத்துன்னு எழுதறோம், பழைய முரண்ல தினவு இருக்கு.

567வது குறள எடுத்துப் பாருங்க:

கடுமொழியும் கையிகந்த தண்டமும் வேந்தன்
அடுமுரண் தேய்க்கும் அரம்.

சுடுசொல்லும் அளவு மீறின தண்டனையும் ராஜாவோட ஜெயிக்கற பலத்தத் தேய்க்கற அரம். தச்சன் வீட்டுப் பையனா எனக்கு இதுல என்ன ஆச்சரியம்னா, முரண் இங்க நல்ல சொல்லு. ராஜாவுக்கு இருக்க வேண்டியது அது. கெட்டது அரம், அதுவும் அவன் வாயிலயே இருக்கற அரம். நாம கடுமையாப் பேசறவன முரடன்ங்கறோம், வள்ளுவர் கணக்குல கடுமையாப் பேசப் பேச அவனோட முரண் தேஞ்சு போகுது. அப்ப உண்மையான முரடன் சத்தம் போடாத ஆளு. கேள்வி கேட்டவரே, உங்க தம்பி சிங்கிள்தான் ஞாபகம் வர்றாரு.

அரம் குறள்ல வேற ரெண்டு இடத்துலயும் வருது, ஒண்ணுல பொன்னத் தேய்க்குது, இன்னொண்ணுல கூர்மைக்கு உவமையா வந்தாலும் அந்தக் கூர்மை இருக்கற பண்பில்லாதவங்க மரம்னு திட்டு வாங்கறாங்க. எங்கப்பா ரம்பத்துக்குப் பல்லு தீட்டறதுக்கு முக்கோண அரம் வெச்சிருந்தாரு, அந்தக் கிர்ர்ர் சத்தத்துக்கு நான் தெருமுனை வரைக்கும் ஓடுவேன், ஆனா அரம் இல்லாம ரம்பம் அறுக்காது. அரத்துக்காக யாராவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

ஜூன் 10

பக்கத்து வீட்டுக்காரங்க. தெலுங்குல மொரட்டுன்னா நாகரிகம் இல்லாத, முரட்டுத்தனமான. கன்னடத்துல ஒரட்டு, மகாரத்தக் கழட்டி வெச்சுட்டாங்க. மலையாளத்துல முரடன் நம்ம முரடனேதான், ஆனா முரடிப்புன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, செடி வளராம குன்னிப் போறதுக்கும் தொழில் வளராம நிக்கறதுக்கும். எங்க கடைக்கு வர்ற பாலக்காட்டுக்காரரு வியாபாரம் எப்படின்னு கேட்டா "முரடிப்பு"ம்பாரு, நான் ரொம்ப நாளு அவரு யார்கிட்டயோ சண்டை போட்டிருக்காருன்னு நினைச்சுட்டிருந்தேன்.

ஜூன் 10, ராத்திரி

இங்கிலீஷ்ல ரஃப்னா தோராயமும் ஆகுது, நம்மகிட்ட அது நடக்கல. "முரடா ஒரு கணக்குச் சொல்லுங்க"ன்னு எவனும் கேக்க மாட்டான். குத்துமதிப்பு, உத்தேசம், தோராயம்னு அதுக்குத் தனியா ஆள் இருக்கு. ஆனா ரஃப் நோட்டு மட்டும் ரஃப் நோட்டாவே நின்னுருச்சு. எங்க காலத்து ரஃப் நோட்டு நெசமாவே ரஃப்பு, பழுப்புத் தாளு, பேனா வெச்சா அடுத்த பக்கம் வரைக்கும் எறங்கும். அது தாளோட பேரா வேலையோட பேரான்னு நான் எட்டாவது வரைக்கும் யோசிச்சதே இல்ல.

ஜூன் 12

சுணை!

எப்படி விட்டோம் இத. சோளத்தட்டு அறுக்கப் போனவங்களுக்கும் கரும்புத் தோகையில நடந்தவங்களுக்கும் தெரியும், கண்ணுக்குத் தெரியாத முள்ளு முள்ளா, தோலுல பட்டா அரிப்பும் எரிச்சலும், அப்பறம் குளிச்சாத்தான் அடங்கும். பூசணி இலைத் தண்டுலயும் இருக்கு. அதே சொல்லுதான் "சுணை கெட்டவன்"லயும் வருது. எத்தன திட்டினாலும் ஒறைக்காது, அவனுக்குச் சுணையே இல்லம்பாங்க. சூடு சுணைன்னும் சொல்லுவாங்க.

அதாவது இலையில அது சொரசொரப்பு, மனுசன்ல அது ரோசம். வழவழன்னு இருக்கறவன் சுணை கெட்டவன். எங்க அம்மிச்சி என்ன அப்படித்தான் கூப்பிடுவாங்க, மார்க் சீட்டு வர்ற நாளெல்லாம்.

ஜூன் 12, கொஞ்சம் தள்ளி

இலைன்னதும் இன்னொண்ணு. உப்புத்தாள் கடையில வர்றதுக்கு முன்னாடி மரத்தத் தேய்க்கறதுக்கு எலை இருந்துச்சு, பராய் மரத்து எலை. பிராய்னும் சொல்லுவாங்க. தொட்டா பூனை நாக்கு மாதிரி இருக்கும். தாவரவியல்ல அதுக்கு ஸ்ட்ரெப்ளஸ் ஆஸ்பர்னு பேரு, ஆஸ்பர்னா லத்தீன்ல சொரசொரப்புதான். திருச்சியில இருந்து கரூர் போற வழியில காவிரிக்கரையில திருப்பராய்த்துறை இருக்கே, அந்த மரம்தான் கோயிலோட தல விருட்சம், ஊருக்குப் பேரும் அதுதான். ஒரு சிவன் கோயிலுக்கு உப்புத்தாள் மரம் தல விருட்சம்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா வருசம் ஒருக்கா போயிருப்பாரு.

ஜூன் 15

பிரியாணி விசயமா பொண்ணுகிட்டயே கேட்டுட்டேன். முரட்டு டேஸ்ட்டுன்னா என்ன, செம டேஸ்ட்டுன்னா என்ன, ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கான்னு. அவ யோசிக்கவே இல்ல. "செமன்னா நல்லா இருந்துச்சு. முரட்டுன்னா வயிறு ரொம்பிருச்சு, போதும்னு வெச்சேன், ஆனா கை நிக்கல"ன்னா.

அப்ப எதிர்த்து நின்னது இருக்கு. பிரியாணி அவள எதிர்த்து நின்னிருக்கு, அவதான் தோத்திருக்கா. இது நான் எனக்குச் சாதகமா வளைச்சுக்கறதுன்னு எனக்கே தெரியுது, அவ ஃபிரெண்ட்ஸ் நாலு பேர்கிட்டக் கேட்டா நாலு அர்த்தம் வரும். வந்தாப் பாத்துக்கலாம்.

ஜூன் 22, ஞாயித்துக்கிழமை

இழை தூங்கிருச்சுன்னு நினைச்சேன், இன்னிக்கு ஒண்ணு நடந்துச்சு.

அம்மிச்சி வீட்டு அம்மி எங்க வீட்லதான் கிடக்கு, பின்வாசல்ல, துவைக்கற கல்லுக்குப் பக்கத்துல. மிக்சி ரிப்பேர்னு போன வாரம் வீட்டுக்காரி அதுல தேங்கா அரைக்கப் பாத்தா, குழவி வழுக்கிட்டு ஓடுது, தேங்கா நசுங்குதே தவிர அரைபடல. தேஞ்சு தேஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. கல்லு நல்லா வழவழன்னு இருந்தா ஒண்ணுக்கும் ஆகாதுங்கறதே மறந்து போச்சு நமக்கு.

இன்னிக்குக் காலையில "அம்மி கொத்தறதுங்கோ, ஆட்டுக்கல்லு கொத்தறதுங்கோ"ன்னு சத்தம். இந்தக் குரலக் கேட்டு எத்தன வருசமாச்சு. வயசானவரு, சாக்குப் பையில சுத்தி, நாலஞ்சு உளி. அம்மி கொத்தச் சிற்பி வேணுமான்னு பழமொழி சொல்லுவாங்க, அவரு உக்காந்து கொத்தினதப் பாத்தா அந்தப் பழமொழி சொன்னவன் அம்மி கொத்தினதே இல்லன்னு தெரியும். ஓரத்துல இருந்து வரிசை பிடிச்சு, ஒரே ஆழம், ஒரே இடைவெளி, டிக் டிக் டிக்னு அரைமணி நேரம். ஆழமாப் போனா மொளகா உள்ள தங்கிரும், மேலாகப் போனா மூணு மாசத்துல மறுபடி தேயும்னாரு. குழவிக்கும் போட்டாரு.

எனக்கு வாய் சும்மா இருக்குமா. இப்ப இது முரட்டுக் கல்லு ஆயிருச்சான்னு கேட்டேன். அவரு என்ன ஒரு மாதிரியாப் பாத்தாரு. "முரட்டுக் கல்லு எப்பவுமே முரட்டுக் கல்லுதானுங்க, பாருங்க ரெண்டு உளி மழுங்கிருச்சு. நான் சொரசொரப்புதான் போட்டுக் குடுத்தேன்."

அப்பறம் ஒரு பிடி பச்சரிசியும் கல்லுப்பும் வெச்சு அரைச்சு வழிச்சுக் கொட்டச் சொன்னாரு, ரெண்டு தடவை. நாங்க ஒரு தடவையோட நிறுத்திட்டோம். மதியச் சட்னி நறநற.

கேள்வி கேட்டவரே, அந்த ஒரு மார்க்கு என்னாச்சுன்னு சொல்லவே இல்லையே?